‘ஒற்று’ என்றால் என்ன? ஆற்காடா, ஆர்க்காடா?

கேள்வி: வேலூரில் பெயர்ப்பலகையும் பேனரும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ‘மருந்து கடை, ஆர்காடு சாலை’ என்று எழுதிக் கொடுத்த பலகையை, ‘ஒற்று விட்டுப்போயிருக்கிறது’ என்று சொல்லி ஒரு பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்து என்றுதான் பள்ளியில் படித்த ஞாபகம். அது எப்படி விட்டுப்போகும்? ஆற்காடு, ஆர்க்காடு, ஆர்காடு இவற்றில் எது சரி? வேலூர் கோட்டையா, வேலூர்க் கோட்டையா? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் சார்.

பதில்:

தம்பி, நான் 28 ஆண்டுகள் வேலூர் அச்சகங்களில் மெய்ப்பு திருத்தியவன், அதாவது ப்ரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கணினித் திரையில் திருத்தும் காலத்தில் ஓய்வு பெற்றேன். அத்தனை ஆண்டுகளும் நான் அதிகம் எழுதிய குறிப்பு ‘ஒற்று சேர்க்க’, ‘ஒற்று நீக்க’ என்பதுதான். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

பள்ளியில் நீங்கள் படித்தது சரி. ஒற்று என்பது மெய்யெழுத்து. க் முதல் ன் வரை பதினெட்டு. தொல்காப்பியத்திலேயே இதற்கு மெய், ஒற்று, புள்ளி என்று மூன்று பெயர்களும் புழங்குகின்றன. உடம்பு போல இருந்து உயிரை ஏற்றுக்கொள்வதால் மெய். தலையில் புள்ளி வைத்து எழுதுவதால் புள்ளி. ஒற்று என்ற பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரசாதத் தட்டில் இருக்கும் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அடிபட்ட இடத்தில் ஒற்றடம் கொடுக்கிறோம். பேச்சில் அது ஒத்தடம். ஒற்றுதல் என்றால் ஒன்றின் மேல் இன்னொன்று மெல்லப் படிந்து அழுந்துவது. க் என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதி மேலே போய் ஒட்டி அழுந்தி நின்றுவிடுகிறது. ப் சொன்னால் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் செயலைத்தான் இந்தப் பெயரில் நான் கேட்கிறேன்.

ஒற்றுக்கு வேறு பொருளும் உண்டு. வேவு பார்ப்பவர் ஒற்றர். திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். நிலத்தை ஒற்றி வைப்பது என்பார்கள். எங்கள் பக்கத்தில் போக்கியம் என்ற சொல்தான் அதிகம். இவையெல்லாம் உங்கள் பலகைக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

சரி, ‘ஒற்று விட்டுப்போயிருக்கிறது’ என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் குறுகிவிடுகிறது. இரண்டு சொல் அடுத்தடுத்து வரும்போது நடுவில் புதிதாக ஒரு மெய்யெழுத்து தோன்றும். அதைத்தான் அச்சகத்திலும் பத்திரிகையிலும் வெறுமனே ‘ஒற்று’ என்போம். அது க், ச், த், ப் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை, அதனால் நான்குதான். இந்த ஒற்று வர வேண்டிய இடத்தில் வராவிட்டாலோ, வரக் கூடாத இடத்தில் வந்துவிட்டாலோ ஒற்றுப்பிழை. பள்ளியில் இதையே சந்திப்பிழை என்று சொல்லிக் கொடுப்பார்கள். சந்திப்பிழை இன்னும் கொஞ்சம் அகலமான சொல்; தோன்றுவதோடு, திரிவதும் கெடுவதும் அதில் அடங்கும்.

இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் வல்லினம் மிகும் இடம் இத்தனை, மிகா இடம் இத்தனை என்று பெரிய பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். புதிதாக வந்த பையன்களுக்கு நான் அதைக் கொடுத்ததே இல்லை. நகரப் பேருந்தில் ஏறி ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துவிட்டு வா என்பேன். வேலூரில் பிறந்த யாருக்கும் ஒற்று ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது.

தோட்டப்பாளையம். தோட்டம், பாளையம் இரண்டும் சேர்ந்தது. நடுவில் இருந்த ம் போய், ப் வந்து உட்கார்ந்துவிட்டது. காகிதப்பட்டறையும் அப்படியே: காகிதம், பட்டறை. சைதாப்பேட்டையில் எதுவும் போகவில்லை, ப் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. இதைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட ‘சைதாபேட்டை’ என்று மெலித்துச் சொல்ல மாட்டார். அப்புறம் இன்னொரு பக்கம் பாருங்கள்: சலவன்பேட்டை, சேண்பாக்கம், காட்பாடி. இதே பேட்டையும் பாக்கமும் பாடியும்தான், ஆனால் ஒற்று இல்லை. சலவன்ப்பேட்டை என்று வாயால் சொல்லவே வராது.

ஏன் வராது என்பதில்தான் உங்கள் ஆற்காட்டுக் கேள்விக்கும் விடை இருக்கிறது. அதனால் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து நிற்க வேண்டுமானால், முன்னால் நிற்பது ய், ர், ழ் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஈரொற்று மயக்கம் என்று இதற்குப் பெயர். வாய்ப்பு, பார்ப்பு, வாழ்த்து. தாய்ப்பால், நீர்த்தொட்டி, தமிழ்ச்சங்கம். வேறு எந்த மெய்க்கும் இந்த உரிமை இல்லை. பழைய செய்யுளில் அரிதாக வரும் ஒன்றிரண்டையும், பெயிண்ட்ஸ் மாதிரியான பிறமொழிச் சொற்களையும் தள்ளிவிட்டால் இது உறுதியான விதி.

பயிற்சி மையங்களின் பலகைகளில் ‘பயிற்ச்சி’ என்று எழுதியிருப்பதை நீங்களே நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை எழுதியும் கொடுத்திருப்பீர்கள். அது ஏன் நடக்கிறது? வளர்ச்சி, மகிழ்ச்சி, ஆராய்ச்சி என்று எழுதிப் பழகிய கை, அதே வேகத்தில் பயிற்ச்சி, முயற்ச்சி என்று போய்விடுகிறது. முதல் மூன்றிலும் ச்-க்கு முன்னால் இருப்பது ர், ழ், ய். அதனால் அங்கே இரண்டு புள்ளி நிற்கலாம். பயிற்சி, முயற்சியில் இருப்பது ற். ஆட்சி, காட்சி, நட்பில் இருப்பது ட். ற், ட் இரண்டும் தாங்களே வல்லினம். அழுத்தம் அவற்றிலேயே வந்துவிட்டது. அடுத்த எழுத்தை இன்னொரு ஒற்று போட்டு அழுத்த வேண்டியதில்லை. காட்பாடியில் ப் இல்லாததற்கும் இதுதான் காரணம்.

இப்போது ஆற்காட்டுக்கு வருகிறேன்.

ற் போட்டு எழுதினால் அடுத்து க் வரக் கூடாது: ஆற்காடு. ர் போட்டு எழுதினால் அடுத்து க் வர வேண்டும்: ஆர்க்காடு. எழுத்து விதிப்படி இரண்டும் நன்றாக அமைந்த சொற்கள். இரண்டையும் கலந்து ‘ஆற்க்காடு’ என்று எழுதினால் அது எந்தக் கணக்கிலும் சேராது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ர, ற இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுவது அரிது. ஆற்காடு என்றாலும் ஆர்க்காடு என்றாலும் காதுக்கு ஒன்றாகவே கேட்கிறது. அதனால்தான் இந்தக் குழப்பம் இத்தனை காலம் ஓடுகிறது.

பழமையைப் பார்த்தால் ஆர்க்காடுதான் முந்தி. சங்கப் பாடல்களில், நற்றிணையிலும் குறுந்தொகையிலும், அழிசி என்ற தலைவனுடைய ஊராக ஆர்க்காடு வருகிறது. அது பாலாற்றங்கரையில் இருக்கும் நம் ஆற்காடுதானா, சோழ நாட்டுப் பக்கம் வேறு ஊரா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஊர் எதுவாக இருந்தாலும் அந்தப் பெயரின் வடிவம் ஆர்க்காடு. ஆர் என்றால் ஆத்தி மரம். சோழர் சூடிய பூ அதுதான். ஆத்தி மரம் நிறைந்த காடு ஆர்க்காடு என்பது பொருளுக்கும் பொருந்துகிறது, இலக்கணத்துக்கும் பொருந்துகிறது.

நம் ஊர்க் கோயில்களில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆறு முனிவர்கள் ஆறு காடுகளில் தவம் செய்தார்கள், அதனால் ஆறு காடு, அதுவே ஆற்காடு என்பார்கள். பாலாற்றின் இரு கரையிலும் அந்த ஆறு சிவன் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றி வருபவர்கள் இன்றும் உண்டு. அந்த வழிபாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது. சொல்லை மட்டும் பார்த்தால், ஆறு என்ற எண் இன்னொரு சொல்லோடு சேரும்போது அறுசுவை, அறுபது என்று குறுகும், அல்லது ஆறுமுகம் என்று அப்படியே நிற்கும். அந்த வழியில் வந்திருந்தால் அறுகாடு, இல்லையென்றால் ஆறுகாடு. நடுவில் இருக்கும் உகரம் பேச்சில் உதிர்ந்தால்தான் ஆற்காடு ஆகும். வேகமாகப் பேசும் நாக்குக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

மூன்றாவது, ஆல் என்ற ஆலமரம். பால், குடம் சேர்ந்தால் பாற்குடம். கல், கண்டு சேர்ந்தால் கற்கண்டு. அது போல ஆல், காடு சேர்ந்தால் ஆற்காடு. கணக்கு சுத்தமாக வருகிறது. ஆனால் தமிழில் மரப்பெயருக்குப் பின்னால் ‘அம்’ சேர்ந்து ஆலங்காடு என்று வருவதுதான் பெரும் வழக்கு. திருவாலங்காடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ஆலமரக் கதையை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. என் மனம் ஆத்தி மரத்தின் பக்கமே சாய்கிறது.

அப்படியானால் பலகையில் ஆர்க்காடு என்று எழுதச் சொல்கிறேனா? இல்லை. ஊர்ப்பெயர் என்பது அந்த ஊர்க்காரர்களுடையது. நகராட்சி, வட்டாட்சியர் அலுவலகம், பேருந்து, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இன்று ஆற்காடு என்றே இருக்கிறது. 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோதும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். எனவே இன்று எழுதுவதற்கு ஆற்காடு. பழைய புத்தகத்திலோ, பெரியவர் ஒருவர் கையெழுத்திலோ ஆர்க்காடு, வடார்க்காடு, தென்னார்க்காடு என்று வந்தால் அதைப் பிழை என்று அடிக்காதீர்கள். அதுவும் சரியான எழுத்துதான், இன்றைய வழக்கு மட்டும் வேறு.

நீங்கள் எழுதிய ‘ஆர்காடு’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து என்பேன். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து ஆங்கில வரலாற்றில் இந்த ஊர் ‘ஆர்காட்’. அதைப் பார்த்துத் தமிழில் திருப்பி எழுதும்போது ர் மட்டும் வந்து, க் விடுபட்டுவிடுகிறது. அந்தப் பெரியவர் சொன்ன ‘விட்டுப்போன ஒற்று’களில் ஒன்று இது. ஒரு நுட்பமும் சொல்ல வேண்டும்: ர்-க்குப் பின் எப்போதும் ஒற்று வந்தே தீரும் என்றும் இல்லை. கடலுக்கு ஆர்கலி என்று ஒரு பெயர் உண்டு. ஆர்த்த, ஆர்க்கின்ற, ஆர்க்கும் கலி என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. ஆர்க்காடு அந்த வகை இல்லை. ஆர் இங்கே மரம், பெயர்ச்சொல்.

ஆங்கில எழுத்து நம்மை ஏமாற்றும் என்பதற்கு வேலூரே சாட்சி. ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு எல் போடுகிறோம். தமிழில் ல் ஒன்றுதான், அதற்கு முன்னால் வே நெடில். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. வேலூருக்கு நெடிலைக் காட்ட முதலில் இரண்டு ஈ போட்டார்கள். படித்தவர்கள் ‘வீலூர்’ என்றார்கள். சில நாள்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் பிடிப்பது அவ்வளவு கடினம். அதனால் தமிழ்ப்பெயரை ஆங்கிலத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஊர்க்காரர் வாயைக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது வேலூர் கோட்டை. இலக்கணப்படி வேலூர்க் கோட்டை. வேலூரில் உள்ள கோட்டை என்று விரியும்; அப்படி ‘இல்’ என்ற வேற்றுமை உருபும் ‘உள்ள’ என்ற சொல்லும் சேர்ந்து மறைந்து நிற்கும் இடத்தில் ஒற்று மிகும். ர்-க்குப் பின் க் நிற்கவும் உரிமை உண்டு. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியை வேலூர்ப் புரட்சி, வேலூர்க் கலகம் என்று எழுதுவதும் அதனால்தான். ஆனால் இன்று பலகைகளிலும் நாளிதழ்களிலும் வேலூர் கோட்டை என்று ஒற்று இல்லாமல் எழுதுவதே அதிகம். ஊர்ப்பெயரைத் தனியாக நிறுத்திக் காட்ட நினைக்கிறார்கள். நான் மெய்ப்பு திருத்தியபோது புத்தகம் என்றால் ஒற்று சேர்ப்பேன். பேருந்து வழிகாட்டி, முகவரி, பலகை என்றால் விட்டுவிடுவேன். முகவரியில் ஊர்ப்பெயர் ஒரு முத்திரை மாதிரி. அதன் வடிவம் மாறாமல் இருந்தால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு உடனே பிடிபடும்.

ஆம்பூர் பிரியாணி என்று எழுதும்போது நான் எங்குமே ப் சேர்க்க மாட்டேன். காரணம் ஒலி. தமிழில் ஒற்று என்பது எழுத்து அலங்காரம் இல்லை, அது ஒலிக்குறிப்பு. தனியாக நிற்கும் ப எப்படியும் ஒலிக்கலாம். முன்னால் ப் வந்துவிட்டால் வல்லோசையாகத்தான் ஒலிக்கும். நாம் பிரியாணி என்று சொல்லும்போது முதல் எழுத்து மெல்லிய ஓசை. ‘ஆம்பூர்ப் பிரியாணி’ என்று எழுதி உரக்கப் படித்துப் பாருங்கள், அந்தச் சாப்பாடே வேறாகிவிடும். விரிஞ்சிபுரம், காஞ்சிபுரத்தில் ப் இல்லாமல் விழுப்புரத்தில் ப் இருப்பதும் காதில் விழும் ஓசையைத்தான் காட்டுகிறது. சொல்லிப் பாருங்கள், மூன்றும் ஒன்று போல ஒலிக்காது.

ல், ள் ஒற்றில் முடியும் சொற்களில் ஒற்று தோன்றுவதற்குப் பதிலாக இருக்கும் ஒற்றே திரியும். தொழில், சாலை சேர்ந்து தொழிற்சாலை. இது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பொருள் செய்பவர்களிடம் போய்த் தோற்பை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. தோல் பை என்று பிரித்து எழுதுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயை இலக்கணத்தோடு எழுதினால் முட்கத்தரி. அழகான சொல்தான், ஆனால் சந்தையில் விற்கும் அம்மாவுக்கு அது தெரியாது. முள் கத்தரி என்று இடம் விட்டு எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. செய்யக் கூடாதது ஒன்றுதான்: ‘தோல்ப்பை’, ‘முள்க்கத்தரி’ என்று எழுதுவது. ல், ள் இரண்டும் ய், ர், ழ் என்ற அந்த மூவரில் இல்லை.

ஒற்று பொருளையும் மாற்றும். இதை நான் ஒரு பிழையால்தான் ஆழமாக உணர்ந்தேன். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை; கிராமத்துப் பிள்ளைகள் வந்து ரத்தம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவர் வீடு திரும்பியதும் மகன் நன்றி அட்டை அடிக்க வந்தார். ‘உங்கள் அன்புக்குக் கைம்மாறு செய்ய எங்களால் இயலாது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அச்சில் ‘கைமாறு’ என்று வந்துவிட்டது. அதை நான் பார்த்தும் விட்டுவிட்டேன். கைம்மாறு என்றால் செய்த நன்றிக்குத் திரும்பச் செய்வது. கைமாறு என்றால் ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது. அந்த மகன் அட்டையைப் பிரித்துப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஐந்நூறு அட்டைகளையும் அன்று இரவே மறுபடி அடித்துக் கொடுத்தோம். ஒரு புள்ளி எழுத்து இல்லாமல் அவருடைய நன்றி அவருடைய நன்றியாக இல்லை.

உங்கள் ‘மருந்து கடை’யிலும் இதே கதைதான். மருந்துக்கடை என்றால் மருந்து விற்கும் கடை. ‘மருந்து கடை’ என்று இடம் விட்டு ஒற்றில்லாமல் எழுதினால், மருந்தைக் கடை, அதாவது மோர் கடைவது போல மருந்தைக் கடைந்து கொடு என்று ஓர் ஏவல் ஆகிவிடும். படிப்பவர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார், உண்மைதான். ஆனாலும் தமிழறிந்த கண்ணுக்கு அது நெருடும். பெரியவர் அதற்குத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்புறம் ‘கடைத் திறப்பு விழா’ என்று த் போட்டு எழுதாதீர்கள். கடையைத் திறக்கிறோம், ‘ஐ’ மட்டும் மறைந்து பக்கத்தில் செயல் வந்தால் ஒற்று மிகாது. கடை திறப்பு விழா. நான் முதலில் ‘மெய்ப்பு திருத்தியவன்’ என்று எழுதியதும் அதனால்தான். மருந்துக்கடையிலும் ‘ஐ’ மறைந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே ‘ஐ’யோடு ‘விற்கும்’ என்ற சொல்லும் சேர்ந்து மறைந்துவிட்டது. அப்படி மறைந்தால் ஒற்று மிகும். குடிநீர்த்தொட்டியும் அப்படியே: குடிநீரை வைத்திருக்கும் தொட்டி.

அந்த, இந்த, எந்த, -ஐ, -கு, இவற்றுக்குப் பின் ஒற்று கட்டாயம்: அந்தக் கோட்டை, வேலூரைச் சுற்றி, வேலூருக்குப் போ. அது, இது, எது, ஒரு, வந்த, போன. இவற்றுக்குப் பின் இல்லை: அது கோட்டை, ஒரு கோட்டை, வந்த பையன். எண்ணில் எட்டு, பத்து இரண்டுக்கும் மிகும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மிகாது. வாய்விட்டுச் சொன்னால் முக்கால்வாசி தானே சரியாகிவிடும்.

பேனரில் தினமும் வரும் ஒன்று: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? வாழ்த்து என்பதில் கடைசி உகரம் குறுகி ஒலிக்கும்; அப்படிப்பட்ட சொல்லோடு ‘கள்’ சேரும்போது ஒற்று தேவையில்லை. வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள். உகரம் முழுதாக ஒலிக்கும் பசுக்கள், நெடில் ஓரெழுத்தான பூக்கள் இவற்றில் க் வரும். எழுத்துக்கள் என்று எழுதிய நல்ல எழுத்தாளர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். என்னிடம் வந்த தாளில் மட்டும் வாழ்த்துகள் என்று திருத்தியே அனுப்பினேன்.

புள்ளியே இல்லாமல் தமிழ் எழுதிய காலமும் இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று வைக்க மாட்டார்கள். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இராது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. படிப்பவர்தான் எது ஒற்று, எது உயிர்மெய் என்று சொல்லின் ஓட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சு வந்த பிறகு சொற்களைப் பிரித்து இடம் விட்டோம். இடம் விட்டதும் நடுவில் இருந்த ஒற்று எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வந்தது. தமிழ்ச் சொல் ஒற்றில் தொடங்காது. எனவே அது முன்சொல்லின் கடைசியில் நிற்கிறது. அந்த ஒற்றைத் தேவையில்லாத வால் என்று பலர் நினைப்பது இந்த இடைவெளியால் வந்த வினை என்று எனக்குத் தோன்றும்.

எழுத்துச் சீர்திருத்தத்தில் இதெல்லாம் போய்விட்டதே என்று சிலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அது வேறு. பெரியார் 1935-ல் குடி அரசு இதழில் கையாண்ட மாற்றங்கள் ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகளின் வடிவத்தைப் பற்றியவை. அவர் 1973 டிசம்பர் 24 அன்று நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் காலமானார், 1978-ல் அரசு அந்த வடிவங்களை ஏற்றுக்கொண்டது. அதனால் அச்சுக் கோப்பவர்களுக்கு எத்தனையோ எழுத்து மிச்சமானது, அந்த நன்மையைக் கையால் அனுபவித்தவன் நான். ஆனால் அதில் ஒற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. வடிவம் மாறலாம், வாயில் வரும் ஒலி அப்படியே இருக்கிறது.

இராணிப்பேட்டையா, ராணிப்பேட்டையா என்றும் கேட்பார்கள். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதால் பழையவர்கள் இ சேர்த்தார்கள். இரண்டும் வழக்கில் உண்டு, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நடுவில் இருக்கும் ப் மட்டும் போகக் கூடாது. வாலாஜாவில் இருக்கும் ஜ பற்றியும் அப்படியே. அதற்குப் பக்கத்து வேலம் கிராமத்துக் குடும்பத்தில் 1912-ல் பிறந்த எழுத்தாளர் மு.வ., தன் பெயரை வரதராசன் என்று ச போட்டு எழுதினார். அது அவருடைய தேர்வு. ஊர்ப்பெயரில் ஊர் வழக்கு.

இனி உங்கள் பலகை. ‘மருந்துக்கடை, ஆற்காடு சாலை’ என்று எழுதுங்கள். ஆற்காட்டுச் சாலை என்பதும் சரிதான், ஆனால் முகவரியில் புழங்குவது ஆற்காடு சாலை. மருந்துக்கடையை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். பலகை குறுகலாக இருந்து இரண்டு வரியாக உடைக்க வேண்டி வந்தால், க் மேல் வரியிலேயே இருக்க வேண்டும்: ‘மருந்துக்’ மேலே, ‘கடை’ கீழே. க் கீழ் வரிக்கு இறங்கி வரியின் தொடக்கத்தில் நிற்கக் கூடாது. வடிவமைக்கும் பையனிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். கணினி தானாக வரியை உடைக்கும்போது அடிக்கடி நடப்பது இதுதான்.